ஊதாத் தண்ணீர்

"அவ திருடி. நீங்க எதையும் கண்டுபிடிக்க வேணாம். நான் கண்டுபிடிச்சுட்டேன். நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

எதிர் நாற்காலியில் இருந்த பெண்மணி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். பெயர் ஓதெத். வயது அறுபத்தொன்று. பிரான்சில் துலோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் நர்ஸ் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பி, துய்மா வீதியில் உள்ள சொந்த வீட்டில் குடியேறியிருந்தார்.

துப்பறியும் சுடர்விழி பேனாவை மூடினாள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களை ஏழு வருஷம் தோண்டிப் பார்த்தவள். ஆட்கள் சொல்லும் கதையைவிட, கதை சொல்லும்போது அவர்கள் எங்கே வேகமாகப் போகிறார்கள் என்பதைத்தான் அவள் கவனிப்பாள். இந்த அம்மா எல்லா இடத்திலும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சத எழுதித் தர்றதுக்கு கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவங்க இருக்காங்க மதாம்" என்று ஜன்னலோர ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "எங்களாண்ட வந்தா கொஞ்சம் சந்தேகமும் சேத்துத்தான் குடுப்போம்."

குரலுக்குச் சொந்தக்காரர் ராமதாஸ். வயது ஐம்பத்துநாலு. இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டியவர். இப்போது சுடர்விழியின் உதவியாளர். ஆட்டோ மட்டும் மாறவில்லை, அதுதான் ஆபீஸ் வண்டி.

"ராமதாஸண்ணே" என்று சுடர்விழி அடக்கினாள். "மதாம், நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க."

ஓதெத் தன் கைப்பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஊதா நிறத்தில் வழவழப்பான கற்கள்.

"இருபத்துமூணு கல்லு. அடுத்த வாரம் சனிக்கிழமை என் மக மொர்கானுக்கு மாதா கோயில்ல கல்யாணம். வர்ற எங்க வீட்டுப் பொம்பளைங்க பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பதக்கம். மிச்சக் கல்லுல மொர்கானுக்கு ஒரு மாலை. எல்லாமே ஊதா. அவ கேட்ட கலர். வெள்ளிக் கம்பி சுத்தி என் கையாலயே செய்யுறேன். உருட்டாத சொரசொரப்புக் கல்லா வாங்கி, தட்டாஞ்சாவடியில மிஷின்ல போட்டு உருட்டி எடுத்தா இப்படி வழவழன்னு வரும்."

"கல்லைப் பொறுக்குனது நீங்களா?"

முதல்முறையாக ஓதெத்தின் பேச்சு நின்றது.

"இல்ல. சின்னப்பாப்பா."

"அது யாரு?"

"எங்க வீட்ல வேலைக்கு இருந்தவ. வைத்திக்குப்பம். இப்ப பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிறா. மொர்கானுக்கு ஒரு வயசா இருக்கும்போது அவங்க அப்பா செத்துட்டாரு. நான் பிரான்சுக்கு வேலைக்குப் போனேன். பன்னெண்டு வயசு வரைக்கும் புள்ளைய அவதான் பாத்துகிட்டா." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "போன்ல மொர்கான் சொன்னா, 'மமான், நீங்க கம்பி சுத்துங்க. கல்லை அம்மா பொறுக்கட்டும். அம்மாவுக்குத்தான் கண்ணு இருக்கு'ன்னு."

"அம்மான்னா?"

"சின்னப்பாப்பா. அவளைத்தான் அம்மாம்பா. நான் மமான்." பல்லில் கல் கடிபட்டதுபோல் சொன்னார் ஓதெத். "நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்துல அன்பழகன் கடை. அங்க போய்ப் பொறுக்குனா. எல்லாம் அமெதிஸ்ட்டு, நெஜ ஊதாக் கல்லுன்னு காசு குடுத்தேன். தட்டாஞ்சாவடி வரைக்கும் பையை மடியில வெச்சுகினு வந்தவ அவதான். நாலு வாரம் மிஷின் ஓடுச்சு. சனிக்கிழமை மூடியத் திறந்தா தண்ணி பூரா ஊதா. கத்திரிக்கா தோல வேகவெச்ச மாதிரி! அமெதிஸ்ட்டுல சாயம் போவுமா? வழியிலயே நல்ல கல்லை எடுத்துட்டு சாயம் போட்ட கல்லை மாத்திட்டா. மார்க்கெட்டுக்குப் போய் எல்லார் முன்னாடியும் கேட்டேன். பதில் சொல்லல. திருடிக்கு இன்னா பதில் இருக்கும்?"

"மகள் இன்னா சொன்னாங்க?"

"அம்மா அப்படிச் செய்யமாட்டான்னு சொன்னா." ஓதெத்தின் மூக்கு நுனி சிவந்தது. "வெள்ளிக்கிழமை வர்றா. அதுக்குள்ள நீங்க எழுதிக் குடுக்கணும். வெளியாளு எழுதுனா நம்புவா."

சுடர்விழி நோட்டில் இரண்டே சொற்கள் எழுதினாள். ஊதாத் தண்ணீர்.

ஓதெத் படியிறங்கிப் போனபிறகு ராமதாஸ் ஜாம் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். "மேடம், அந்தம்மா மூக்கைப் பாத்தீங்களா? கல்லு போன கோவம் கண்ணுல தெரியணும். இது மூக்குல தெரியுது. வேற ஏதோ கோவம்."

"வண்டிய எடுங்க."

அன்பழகன் கடை ஒரு ஆள் அகலம், மூன்று ஆள் நீளம். பச்சை, நீலம், மஞ்சள் எனக் கற்கள் கலர் கலராகத் தட்டுகளில் கிடந்தன. பாட்டிலைத் திறந்து ஒரு கல்லைக் கையில் எடுத்ததுமே அன்பழகன் உதட்டைப் பிதுக்கினார்.

"இது என் கடைக் கல்லு இல்ல. உருட்டி, சாயம் ஏத்தி, பை பையா விக்கிறானுங்களே, பீச்சாண்ட ஃபேன்சி கடையில. அந்த மால். ஈரத்துணியால தொடைங்க, தெரியும்."

சுடர்விழி துடைத்தாள். துணியில் வெளிர் ஊதாக் கறை.

"நெஜ அமெதிஸ்ட்டுல இப்படி வராதா?"

"பாருங்க." அன்பழகன் உருட்டாத அமெதிஸ்ட் ஒன்றை எடுத்து, மேஜைக்கடியிலிருந்த சாணைக்கல்லில் அழுத்தித் தேய்த்தார். மேஜைமேல் மாவு உதிர்ந்தது. வெள்ளை மாவு. "மேல எவ்ளோ ஊதாவா இருந்தாலும் அரைச்சா வெள்ளைதான். மிஷின்ல நாலு வாரம் அரைச்சாலும் தண்ணி சாம்பலாத்தான் வரும். ஊதா வந்தா அது சாயம். அப்படித் தண்ணி வந்துதா?"

"வந்துச்சுன்னு சொல்லிக்கிறாங்க. சின்னப்பாப்பா பொறுக்குனது ஞாபகம் இருக்கா?"

அன்பழகன் சிரித்துவிட்டார். "மறக்க முடியுமா? ஒரு சொம்புத் தண்ணி கேட்டாங்க. ஒவ்வொரு கல்லையும் நனைச்சு வெயில்ல தூக்கிப் பாத்தாங்க. உருட்டுன பெறவு என்ன கலர் வரும்னு நனைச்சாத்தான் தெரியும். எனக்கே என் மாமனார் சொல்லிக்குடுத்துதான் தெரியும், இந்தம்மா தானாவே செஞ்சாங்க. அப்புறம் இடுப்புல இருந்த மீன் கத்தி முனையால லேசாக் கீறிப் பாத்தாங்க. கீறல் விழுந்துதுன்னா தள்ளிட்டாங்க. ஃப்ளோரைட்டுன்னு ஒண்ணு, பாக்க அமெதிஸ்ட்டு மாதிரியே இருக்கும், ஆனா மெத்து. கெட்டிக் கல்லோட சேத்து உருட்டுனா கரைஞ்சு போயிடும். நான் வேணும்னே நாலு கலந்து வெச்சிருந்தேன். நாலையும் பொறுக்கி எங்கிட்டயே தூக்கிப் போட்டு, 'இது நேத்து மீனு'ன்னாங்க."

"யோவ், உம்மையே நீர் மாட்டிவுடுறீரே" என்றார் ராமதாஸ்.

"தெரிஞ்சவங்ககிட்ட மறைச்சு என்ன பண்றது?"

"மதாம் கூட நின்னு பாத்தாங்களா?" என்றாள் சுடர்விழி.

"வாசல்ல நின்னாங்க. அந்தம்மா ஒவ்வொரு கல்லையும் தூக்கி, 'மதாம் இது எப்படி'ன்னு கேட்டுது. ஒவ்வொரு தரமும் மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நடுவுல ஒருதரம் உள்ள வந்து அவுங்களா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அந்தம்மா கீறிப் பாத்துட்டு, சிரிச்சுகினே ஓரமா வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் மதாம் உள்ளயே வரல."

வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறி நின்றிருந்தன. சின்னப்பாப்பா தன் வீட்டு வாசலில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். ஓதெத்தைவிட ஐந்து வயது பெரியவளாகத் தெரிந்தாள். மீன் கூடை காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நாலு நாளா கடைக்குப் போவல" என்றாள், யாரென்று கேட்காமலேயே. "மார்க்கெட்டுப் பொம்பளைங்க எம்மேல பரிதாபப்படுறாளுங்க. திட்டுனாக்கூட பரவால்ல."

"நான் துப்பறியிறவ. மதாம்தான் அனுப்புனாங்க."

"எதுக்கு? என் கூடைய சோதிக்கவா? சோதிச்சுக்கோ."

"அன்பழகன் கடையில பொறுக்குன கல்லு பை நேரா மிஷினுக்குத்தான் போச்சா?"

"அவளும் கூடத்தான் வந்தா. ஆட்டோவுல ஒட்டிகினு உக்காந்தா. பையைக் குடுத்தேன், மிஷின்காரரு கோபிநாத்து எண்ணிப் போட்டாரு, மூடுனாரு. அத்தோட நான் அந்தப் பக்கம் போவல." சின்னப்பாப்பா காலிக் கூடையைக் காலால் தள்ளினாள். "பதினோரு வருஷம் எம்மேல தூங்குன புள்ள. அவளுக்குச் சாயக் கல்லு போடுவேனா நான்? இதை அந்த மதாமுக்குச் சொல்லிப் புரிய வெக்கணும்னா, எனக்கு அந்தப் பேச்சே வேணாம். போ."

ஆட்டோ தட்டாஞ்சாவடிப் பக்கம் திரும்பியதும் ராமதாஸ் சொன்னார். "மேடம், கல்லு கடையிலேருந்து நல்லாத்தான் கெளம்பியிருக்கு. வழியில மாத்துனாங்களா, மிஷின்ல மாத்துனாங்களா, அவ்ளோதான் கேள்வி. வழியில ரெண்டு பேரும் ஒட்டிகினு போயிருக்காங்க. இந்த வண்டி சீட்டுல ஒட்டிகினு உக்காந்தா மூக்கு சொறியவே கை வெளிய வராது. எங்க மாத்துறது?"

"அதனாலதான் மிஷினுக்குப் போறோம்."

தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில் பத்துப் பன்னிரண்டு ரப்பர் பேரல்கள் படுத்தவாக்கில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. உள்ளே கற்கள் புரளும் சத்தம் மழைபோல் இருந்தது. கோபிநாத் மெலிந்த மனிதர். அவர் விரல் இடுக்குகளில் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது.

"நாலு வாரம், நாலு பொடி" என்று விளக்கினார். "மொதல் வாரம் கரகரப்பான பொடி, அப்புறம் அதைவிட நைசு, அதைவிட நைசு, கடைசி வாரம் பாலிஷ் பவுடர். ஒவ்வொரு வாரமும் தண்ணிய மாத்திடுவேன்."

"மொதல் மூணு வாரம் தண்ணி என்ன கலர்?"

"சாம்பல். சிமெண்ட்டு கரைச்ச மாதிரி."

சுடர்விழி நிமிர்ந்தாள். அப்படியென்றால் மூன்று வாரம் உள்ளே உருண்டது நிஜக் கல். வழியில் யாரும் எதையும் மாற்றவில்லை.

"கடைசி வாரத்துல மட்டும்தான் தண்ணி ஊதாவா வந்துது, இல்லியா?"

கோபிநாத்தின் கை பேரல்மேல் அப்படியே நின்றது. "அதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஏன்?"

"நான் யாருக்கும் சொல்லலியே!" அவர் குரல் இறங்கியது. "சனிக்கிழமை காலையில தனியாத்தான் திறந்தேன். தண்ணி பூரா ஊதாவா இருந்துச்சு. என் பேரல்ல ஏதோ பழைய சாயம் இருந்துச்சுன்னு எம்மேல பழி வந்துடுமோன்னு உடனே சாக்கடையில கொட்டிட்டேன். பேரலைக் கழுவி, கல்லையும் கழுவி, பேப்பர்ல காயவெச்சேன். அப்புறம்தான் மதாமுக்குப் போன் பண்ணேன். ஒருமணி நேரம் கழிச்சு வந்தாங்க. காஞ்ச கல்லத்தான் பாத்தாங்க. 'இது சாயக் கல்லு, அவ மாத்திட்டா'ன்னு அவுங்களே சொன்னாங்க. நான் வாயே திறக்கல. எங்க வூட்டுக்காரிக்குக்கூட சொல்லல."

ராமதாஸ் விசிலடிக்க உதட்டைக் குவித்தார். விசில் வரவில்லை.

சுடர்விழி மெதுவாகக் கேட்டாள். "கடைசி வாரம் பாலிஷ் பவுடர் போட்ட அன்னைக்கு இங்க யாராவது வந்தாங்களா?"

"மதாம்தான் வந்தாங்க. கேக்கு செஞ்சு கொண்டாந்தாங்க. பாலிஷுக்கு முன்னாடி கல்லைப் பாக்கணும்னாங்க. திறந்து காட்டுனேன். அப்ப பாத்து ஃபியூசு போச்சு. பின்னாடி போர்டாண்ட போய்ட்டு வர பத்து நிமிஷம் ஆச்சு. வந்து பாத்தா, மதாமே பவுடரைக் கொட்டி மூடி வெச்சிருந்தாங்க. கல்லு அவுங்களுது. நான் ஏன் சந்தேகப்படப் போறேன்?"

வெளியே வந்ததும் ராமதாஸ் ஆட்டோவைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். "மேடம், நம்ம கட்சிக்காரரே நம்ம கையில குத்தவாளியா வந்து மாட்டுறது எனக்கு இதான் மொதல் தரம். வண்டிய எந்தப் பக்கம் திருப்புறது?"

"துய்மா வீதி."

மதிய வெயில் ஜன்னல் சட்டங்கள் வழியாகக் கோடு கோடாக ஹாலில் விழுந்திருந்தது. மேஜைமேல் வெள்ளிக் கம்பிச் சுருள், குறடு, பாதி பின்னிய கொக்கிகள். ஓதெத் காபி ஊற்றினார்.

"எழுதிட்டீங்களா?"

"ஒரே ஒரு கேள்வி பாக்கி மதாம். கோபிநாத் மூடியத் திறந்தப்போ நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல. அப்புறம்தான் போனேன்."

"அப்ப தண்ணி ஊதாவா இருந்தத எப்படிப் பாத்தீங்க?"

"கோபிநாத்து சொன்னான்."

"கோபிநாத் பயந்துபோய் அதை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லல. அந்தத் தண்ணியப் பாத்தது அவர் ஒருத்தர்தான்." சுடர்விழி காபியைத் தொடவில்லை. "நீங்க பாத்தது வேற தண்ணி. சாயக் கல்லை வாங்கியாந்து வீட்ல கழுவியிருக்கீங்க. உங்க பேசின்ல தண்ணி ஊதாவாச்சு. மிஷின்லயும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு நெனச்சு, பாத்த மாதிரியே சொல்லிட்டீங்க. ஆனா மொதல் மூணு வாரத் தண்ணி சாம்பல் கலர்ல இருந்தது உங்களுக்குத் தெரியாது."

 ஓதெத் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப் பை. மேஜைமேல் கவிழ்த்தார். இருபத்துமூன்று கற்கள். பாலிஷ் ஏறாததால் மங்கலாக, ஆனால் உள்ளுக்குள் அடர்ந்த ஊதாவாக.

"கல்லு பூரா தூசியா இருந்துச்சு. அதை எடுக்கத்தான் கழுவுனேன்" என்றார். வேறு எதையும் அவர் மறுக்கவில்லை.

"ஏன் மதாம்?" என்றார் ராமதாஸ். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவுல வருவேன். பெட்டி நெறைய சட்டை, சாக்லேட்டு. மொர்கான் ஒளிஞ்சுப்பா. அந்தப் பொம்பள புடவைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுப்பா. என்னப் பாத்து! ஆஸ்பத்திரியில எத்தனையோ புள்ளைங்க ஊசி போடும்போது என் கையத்தான் புடிச்சுக்கும். என் புள்ளைக்கு மட்டும் என் கை புடிக்கல." ஓதெத் ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "கல்யாண மாலையாவது முழுசா என்னுதா இருக்கட்டும்னு ஆசப்பட்டேன். அதுலயும் அவ கண்ணு வேணுமாம். கடையில நான் ஒரே ஒரு கல்லு எடுத்துக் குடுத்தேன். அதையும் சிரிச்சுகினே ஓரமா வெச்சா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், அந்தக் கண்ணு ஒண்ணும் பெரிசு இல்லன்னு மொர்கானுக்குக் காட்டணும்னு."

"எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. எழுதுறேன். ஆனா நடந்ததத்தான் எழுதுவேன்" என்றாள் சுடர்விழி.

"அது மொர்கான் கையில போனா அடுத்த ப்ளேன்ல திரும்பிடுவா."

"என் ரிப்போர்ட்டு உங்க கைக்குத்தான் வரும். மொர்கான்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா சின்னப்பாப்பாவ நீங்க எங்க நின்னு திருடின்னு சொன்னீங்க?"

ஓதெத் தலையைக் குனிந்துகொண்டார். "மார்க்கெட்ல."

"காலையில எட்டு மணிக்கு வாசல்ல ஆட்டோ நிக்கும்" என்றார் ராமதாஸ்.

மறுநாள் பெரிய மார்க்கெட் மீன் பகுதியில் வழக்கமான கூச்சல். ராமதாஸ் முந்தின மாலையே வைத்திக்குப்பத்துக்குப் போய், 'நாளைக்கு ஒருநாள் கடைக்கு வந்தே ஆகணும்' என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தார். சின்னப்பாப்பா தன் இடத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஓதெத் மீன் தண்ணீரில் செருப்பு நனைய வந்து நின்றார். சுற்றியிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சின்னப்பாப்பா கல்லை மாத்தல. மாத்துனது நான். நான் சொன்னது பொய்."

கத்தி செதிலில் ஓடும் சத்தம் நிற்கவில்லை. சின்னப்பாப்பா நிமிரவும் இல்லை.

"அன்னிக்கு எவ்ளோ சத்தமா திட்டுன? இன்னிக்கு உனக்கே கேக்காத மாதிரி சொல்ற. அந்தக் கடைசிக் கடைக்குக் கேக்கல."

ஓதெத்தின் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் சுடர்விழி நினைத்தாள். ஆனால் அவர் மூச்சை இழுத்து, மார்க்கெட் கூரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "சின்னப்பாப்பா திருடி இல்ல! நான்தான் பொய் சொன்னேன்!"

"ஏன் மதாம்?" என்று நண்டு விற்கிறவள் கேட்டாள்.

"பொறாமை" என்றார் ஓதெத்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னப்பாப்பா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "சரி. கல்லை எங்க வெச்சிருக்க? மிஷின்ல போட்டாத்தான் கல்யாணத்துக்கு ஆவும். வா."

ஆட்டோவின் பின்சீட்டில் மூன்று பெண்கள். இருவருக்கும் நடுவில் சுடர்விழி.  அஜந்தா சிக்னல் தாண்டியதும் சின்னப்பாப்பா ராமதாஸின் முதுகைத் தட்டினாள்.

"வண்டிய ஓரங்கட்டுய்யா."

நிறுத்தினார். அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு துணி முடிச்சை எடுத்து, சுடர்விழியைத் தாண்டிக் கையை நீட்டினாள். முடிச்சுக்குள் உருட்டாத ஒரு ஊதாக் கல். புறா முட்டை அளவு இருந்தது.

"ஒருதரம் சொன்னப்ப கம்முனு இருந்துட்டேன். ரெண்டாந்தரம் 'திருடி இல்ல'ன்னு அத்தனை பேர் கேக்கக் கத்துன பாரு, எனக்குத் தாங்கல." அவள் கல்லை ஓதெத்தின் மடியில் வைத்தாள். "கடையில எடை போட்டு நீ காசு குடுத்தப்புறம், பையிலேருந்து இத ஒண்ண எடுத்து வெச்சுகினேன். இருந்ததுலயே நல்ல கல்லு."

சுடர்விழியின் கைப்பையில் அறிக்கை இருந்தது. அதில், சின்னப்பாப்பா ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்.

"எதுக்கு எடுத்த?" என்றார் ஓதெத்.

"நீ மாலை செஞ்சு போடுவ. அத்தினி பேரும் அவ அம்மா செஞ்சதும்பாங்க. நான் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஒரு கல்லாவது நான் தனியா குடுத்ததா அவ கழுத்துல இருக்கட்டும்னுதான். உனக்கு மட்டுமா எரியும்? பதினோரு வருஷம் கழிச்சு நீ ஒருநாள் வந்து கையப் புடிச்சுக் கூட்டிகினு போன. எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

ராமதாஸ் திரும்பாமலே சொன்னார். "மேடம், கேஸ்ல நாம கண்டுபிடிச்சது பாதிதான் போலருக்கு."

ஓதெத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்மேல் கொஞ்சம் ஊற்றி, வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். நனைந்த கல்லுக்குள் ஊதா ஆழமாகத் திறந்தது. 

"மோன் தியூ, கடவுளே. அந்த இருபத்துமூணையும்விட இதுதான் நல்லாருக்கு."

"அதனாலதான எடுத்தேன்."

கோபிநாத் கற்களை எண்ணிப் பேரலில் போட்டார். பெரிய கல்லை மட்டும் கையில் உருட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது மூணு வாரம் பின்தங்கிப் போச்சு. மத்ததோட போட்டா சரியா வராது. கல்யாணத்துக்கு ஆவாது."

"சொரசொரன்னே இருக்கட்டும்" என்றார் ஓதெத். "நான் கம்பி சுத்தித் தர்றேன்."

"நடுவுல வெக்கணும்" என்றாள் சின்னப்பாப்பா.

"அதை நான் பாத்துக்குறேன்."

"நடுவுல."

 அன்று மாலையே ஓதெத் கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டார் என்று ராமதாஸ் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார். இரண்டு முறை பிரித்துச் சுற்றியதாகவும், சின்னப்பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து 'இறுக்கிச் சுத்து' என்று சொல்லிச் சொல்லி உயிரை எடுத்ததாகவும்.

வியாழக்கிழமை ஓதெத் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாயக் கல், மார்க்கெட், பொய், எல்லாம்.  மொர்கான் "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குச் சுடர்விழி திருத்தி எழுதிய அறிக்கையோடு துய்மா வீதிக்குப் போனாள். அது இப்போது ஒரு பக்கம் கூடியிருந்தது. ஓதெத் அதை வாங்கிப் படிக்காமலே மேஜை இழுப்பறையில் வைத்தார். புதுப் புடவை கட்டியிருந்த சின்னப்பாப்பா ஹாலில் நின்றபடியே இருந்தாள். ஓதெத் இருமுறை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஓதெத்தும் உட்காரவில்லை.

"கோவமா வருவாளோ?" என்றாள் சின்னப்பாப்பா.

"வருவா" என்றார் ஓதெத்.

"எம்மேலயா, உம்மேலயா?"

"கல்லு எடுத்ததயும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா!"

அப்போது வாசலில் சென்னையிலிருந்து வந்த டாக்ஸி நின்றது. கதவு திறந்தது. உயரமாக, களைத்துப்போய், தோளில் பையோடு மொர்கான் இறங்கினாள். யாரையும் கூப்பிடவில்லை. வீட்டை நிமிர்ந்து பார்த்தபடி ரோட்டிலேயே நின்றாள்.

ஹாலில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் சுடர்விழி அப்படியொரு வேகத்தைப் பார்த்ததில்லை. வாசலில் ஒற்றைக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது. அதில் இருவரும் தோளோடு தோள் இடித்துச் சிக்கி நின்றார்கள்.

யாரும் வழிவிடவில்லை.